பதினோரு பேருக்கு ஒரே பிரெஞ்சு வார்த்தை

டிரஸ்ஸர் ஐயாவின் நோட்டைத் திறந்தாலே கார்பாலிக் வாசம் மூக்கில் ஏறும். சனிக்கிழமை காலையில் அது என் மேசைக்கு வரும்... கூடவே எனக்குத் தலைவலியும் வரும்.

முப்பதுகளின் தொடக்கம். மலாயாவில் ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். நான் அங்கே சின்னக் கிராணி, அதாவது ஆப்பீஸ் கணக்கப்பிள்ளை மாதிரி. காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்ததால்தான் அந்த வேலையே கிடைத்தது. எங்கள் துரை பிரெஞ்சுக்காரர். அவருக்குப் போகும் காகிதம் எல்லாம் பிரெஞ்சில்தான் போக வேண்டும்.

தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரஸ்ஸர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். வேலைக்கு வராத நோயாளிகளின் விவரத்தை இங்கிலீஷில் எழுதி அனுப்புவார். அதைப் பிரெஞ்சில் மாற்றித் துரைக்குக் கொடுப்பது என் வேலை.

மனுஷன் ஆளுக்கொரு வார்த்தை போடுவார். ஒருத்தி வீக். ஒருத்தர் டயர்ட். இன்னொருத்தர் சிக். அடுத்தவர் அன்ஃபிட்...

"படிச்சதையெல்லாம் இந்த நோட்டுலதான் காட்டணுமா?" என்று பியூனிடம் முணுமுணுப்பேன். எல்லாம் சீக்குதானே, இதில் என்ன பெரிய வித்தியாசம் என்ற நினைப்பு. அதனால் எல்லாருக்கும் நேராக 'அன்வலிட்' என்று ஒரே வார்த்தையை எழுதிவிடுவேன். சொல்லிப் பார்க்கக் கம்பீரமாக இருந்தது. வேலையும் சீக்கிரம் முடிந்து ஜாசின் பஸ்ஸைப் பிடிக்க முடிந்தது. வயது இருபத்திரண்டு... கொழுப்புக்குக் கேட்கவா வேண்டும்!

அப்போதுதான் ரப்பர் விலை விழுந்தது.

இனி வேலைக்கே ஆகாதவர்களை நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பச் சொல்லித் துரைக்கு உத்தரவு வந்தது. அவர் யாரையும் கேட்கவில்லை. என் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு அன்வலிட், அதாவது இனி வேலைக்கே ஆகாதவர் என்று நான் எழுதியிருந்த பதினோரு பேரைக் குறித்தார். காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டில் அந்த லிஸ்ட்டை வாசித்தவனும் நான்தான்.

அன்று மத்தியானம் செல்லம்மா ஆப்பீஸ் வாசலில் வந்து நின்றாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். கையில் இருபது நாள் குழந்தை. புருஷன் முத்தையாவின் பேர் லிஸ்ட்டில் இல்லை, இவள் பேர் மட்டும் இருந்தது.

"கிராணி ஐயா, எம் பேரு எதுக்கு வந்துச்சு? புள்ள பெத்தது ஒரு குத்தமா? இன்னும் பத்து நாள்ல மரத்துக்குப் போயிருவேன்யா. அவரு இங்க, நான் அங்க... ஊருல எனக்கு யாரு இருக்கா? இந்தப் பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டு நான் எங்க போய் நிப்பேன்?"

நோட்டைப் புரட்டினேன். அவள் பேருக்கு நேரே டிரஸ்ஸர் எழுதியிருந்தது, வீக்.

நோட்டோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நான் செய்ததைக் கேட்டதும் அவர் முகம் சிவந்துவிட்டது.

"வீக் எண்டா என்ன தம்பி? ஒரு கிழமை முட்டையும் பாலும் குடுத்தா எழும்பிடுவாள் எண்டு அர்த்தம். அன்ஃபிட் எண்டாத்தான் இனி ஏலாது. நான் ஒவ்வொருத்தரையும் தொட்டுப் பாத்து எழுதினனான். நீர் எல்லாரையும் ஒரே ஆளாக்கிப்போட்டீரே!"

திட்டு என்றால் அப்படி ஒரு திட்டு. பிறகு அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இரும். சாப்பிட்டாத் தேறுற ஆளுக்கு உங்கட பிரெஞ்சில என்ன சொல்லு?"

"ஃபேபிள், ஐயா."

"படுத்து எழும்பினாச் சரியாகிற ஆளுக்கு?"

"ஃபதிகே."

அவருக்குப் பிரெஞ்சு தெரியாது, எனக்கு வைத்தியம் தெரியாது. நடுவில் தமிழை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பதினோரு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தோம். முடித்தபோது அன்வலிட் என்ற வார்த்தை இரண்டே பேருக்குத்தான் பொருந்தியது.

புதுக் காகிதத்தைத் துரையிடம் நீட்டினேன்.

"இது யார் தப்பு?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"என் தப்பு, முசியே."

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் சிவப்புப் பென்சிலை எடுத்து லிஸ்ட்டிலிருந்து ஒன்பது பேரின் பேரை அடித்துவிட்டார். இனி டிரஸ்ஸர் கையெழுத்து இல்லாமல் என் காகிதத்தைத் தொட மாட்டேன் என்றார். நியாயம்தானே!

செல்லம்மா சொன்னபடியே மரத்துக்குப் போனாள். வழியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "ஐயா நல்லா இருக்கணும்" என்பாள். அவள் பேரை லிஸ்ட்டில் ஏற்றியதே நான்தான் என்று அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது என் மகள் மலாக்கா டவுனில் ஒரு ஆப்பீஸில் வேலை செய்கிறாள். காய்ச்சல் என்றால் எம்.சி. என்ற டாக்டர் சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டில் படுத்துக்கொள்கிறாள். வேலையும் போவதில்லை, குடும்பமும் பிரிவதில்லை. அதைப் பார்க்கும்போது நெஞ்சு நிறைகிறது... கொஞ்சம் வலிக்கவும் செய்கிறது.

ஏனென்றால் அந்தப் பதினோரு பேரையும் பார்த்து முடித்த அன்றைக்கு டிரஸ்ஸர் ஐயா பழைய நோட்டையும் எடுத்து வரச் சொன்னார். அந்த உத்தரவு வருவதற்கு முன்பே, முந்தின மாதக் கப்பலில், என் காகிதத்தைப் பார்த்தே கறுப்பையா என்ற ஒருவரை அனுப்பியிருந்தார்கள். இருபது வருஷம் அந்தத் தோட்டத்தில் உழைத்தவர். பெண்சாதியைப் புதைத்ததும் அந்த மண்ணில்தான். அவர் பேருக்கு நேரே இருந்த வார்த்தை டயர்ட்.

அவர் ஊருக்கு மூன்று கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. இரண்டு நாள் ஓய்வு போதுமாக இருந்த மனுஷனைக் கப்பலேற்றிவிட்டேன்.