வாசலைப் பார்த்த செருப்புகள்

பூட்டியே கிடக்கும் பழைய கட்டடங்களைப் பாரம்பரிய வாரத்தில் இரண்டு நாள் திறந்துவிடுவார்கள். சுற்றிப் பார்க்க வருகிறவர்களை எங்கெங்கே கூட்டிப்போவது என்று திட்டம் போட, முந்தின வாரமே ராயபுரம் போனேன். துறைமுகத்தை ஒட்டிய கிடங்கில் ஒரு காவலாளி இருந்தார். ஒல்லி உடம்பு, காக்கிச் சட்டை, நீல வார் வைத்த ரப்பர் செருப்பு.

"மரத்தரை நைனா, செருப்ப கழட்டிட்டுப் போ."

சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால், என் செருப்பு தெருவைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"நீங்களா திருப்புனீங்க?"

"ஆமா. உள்ள பாத்துகினு கெடந்தா, ஆளு உள்ளயே தங்கிடும்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சுவரோரம் ஒரு ஜோடி தோல் செருப்பு, உள்ளே பார்த்தபடி, தூசி தட்டி வைத்திருந்தது.

"அது?"

"போன வருசம் சுத்திப் பாக்க வந்தவர்து. அன்னிக்கு டீ குடிக்கப் பூட்டேன். திருப்பல."

திறப்பு நாளில் இருபது பேரோடு போனேன். கதவு திறந்திருந்தது. அவரைக் காணோம். தோல் செருப்புக்குப் பக்கத்தில் நீல வார் செருப்பு, உள்ளே பார்த்தபடி. எல்லாருடையதையும் திருப்பியவருக்குத் திருப்ப ஆளில்லை.

உள்ளே பார்த்துக் கூப்பிட்டேன். யாரையும் உள்ளே விடாமல், குனிந்து அந்த நீல வார் செருப்பைத் தெருப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

அவர் வெளியே வந்து அதைப் போட்டுக்கொண்டு போனாரா என்று பார்க்க இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.