ஆள்விழுங்கியின் படத்தில் விழுந்தவர்கள்

என் தங்கையின் கணவருக்கு ஊர் வைத்த பெயர் ஆள்விழுங்கி. வைத்தவர் சலூன்காரர் என்று பலர் சொல்கிறார்கள், அது தவறு. வைத்தவர் தையற்காரர். சலூன்காரர் அதைப் பரப்பினார், அவ்வளவுதான். நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்துப் பழகியவனுக்கு இதைச் சரிசெய்யாமல் மேலே போக முடியவில்லை.

எங்கள் ஊர் கடலுக்கு மேலே, செங்குத்துப் பாறையின் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும். ஒருவருடைய மொட்டைமாடி இன்னொருவருக்கு வாசல். உச்சியில் பழைய காவல் கோபுரம். கோபுரத்துக்கும் பாறையின் விளிம்புக்கும் நடுவில் ஓடுவது விளிம்புத் தெரு. தங்கையும் மாப்பிள்ளையும் அங்கேதான் குடியிருந்தார்கள். அவருடைய ஸ்டூடியோ கீழ்த்தெருவில் இருந்தது: ஒரு திரை, ஒரு முக்காலி, சுவரில் தொங்கும் சீப்பு, பின்னால் இருட்டறை. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருகிறவர்களிடம் "அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லியே அவருக்குப் பாதி ஆயுள் போயிற்று.

அருங்காட்சியகத்திலிருந்து ஒருநாள் கேட்டார்கள். ஊரின் பழைய கட்டடங்களை எல்லாம் கறுப்பு வெள்ளையில் எடுத்துத் தர வேண்டும். படத்தில் ஆள் யாரும் விழக் கூடாது. மாப்பிள்ளை பெரிய கேமராவை மூன்று கால் தாங்கியில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போய், கொஞ்சம் ஒதுங்குங்கள் என்று எல்லோரையும் கெஞ்சிப் பார்த்தார். கடைத்தெருவில் யார் ஒதுங்குவார்கள்? ஒருவர் ஒதுங்கினால் அது என்ன வேடிக்கை என்று பார்க்க நாலு பேர் வந்து நின்றார்கள்.

அப்போதுதான் அந்தக் கறுப்புக் கண்ணாடியை வாங்கினார். லென்ஸுக்கு முன்னால் அதை மாட்டி, லென்ஸின் வாயையும் ஊசிமுனை அளவுக்குச் சுருக்கிவிட்டால் வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே போகும். ஒரு படம் நிறைவதற்குள் ஒரு கோப்பை தேநீர் ஆறிவிடும். அவ்வளவு நேரமும் அசையாமல் நிற்பது எதுவோ அது படத்தில் விழும். நடப்பது, ஓடுவது, திரும்பிப் பார்ப்பது எதுவும் விழாது. நிரம்பி வழிகிற சந்தையை எடுத்தாலும் வெறும் கல்லும் கதவும்தான் வரும்.

அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் தங்களை அறியாமல் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அலை அடிக்கிற கடல் அதில் பனிமூட்டமாகக் கிடக்கும். பாறை அந்தப் பனிமேல் மிதக்கும். கொடியில் காய்கிற துணிகள் புகையாய் நீண்டிருக்கும். கோபுரம் மட்டும் ஒவ்வொரு கல்லாக எண்ணிவிடலாம் போல் நிற்கும். நாம் தினமும் செருப்புத் தேய நடக்கிற தெருவேதான். ஆனால் யாரோ அதைத் தூக்கத்தில் நினைத்துப் பார்த்ததுபோல் இருக்கும். கேட்ட படங்களைக் கொடுத்து முடித்த பிறகும் மாப்பிள்ளை எடுப்பதை விடவில்லை. எங்கள் ஊர் மழையில் எப்படி, மழை விட்ட பிறகு எப்படி, முதல் வெயிலில் எப்படி என்று எடுத்துக்கொண்டே இருந்தார். அருங்காட்சியகமும் அவற்றை வாங்கிப் பெரிய கூடத்தின் சுவரில் மாட்டிக்கொண்டே வந்தது.

ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி பிறந்தது. கேமரா நிற்பதைப் பார்த்தால் பழையபடி கூச்சப்படுவதில்லை. தலை சீவாமல், பல்குச்சியோடு, இடுப்பில் துண்டோடு குறுக்கே போவார்கள். ஆள்விழுங்கி முழுங்கிடுவார் என்று ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்வார்கள். அத்தனை படங்களிலும் முழுசாக விழுந்தவை இரண்டே உயிர்கள். ஒன்று, மதில்மேல் உறங்கிய பூனை. இன்னொன்று, படிக்கட்டில் குடித்துவிட்டுக் கிடந்த படகுத்துறைச் சோம்பேறி. சலூன்காரர் அதற்கும் ஒரு சொல் வைத்திருந்தார்: "சும்மா கெடந்தவனுக்குத்தான்யா சரித்திரத்துல எடம்."

என் தங்கை இதற்கு நேர் எதிர். சிறு வயதிலேயே அப்பா அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார். உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. விடிந்ததும் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அவள்தான் கூட்டுவாள். அடுத்தவர் வாசல் என்ற கணக்கெல்லாம் கிடையாது. விளிம்புத் தெருவை மாப்பிள்ளை எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் அவள் இருந்திருக்கிறாள். எதிலும் விழவில்லை. ஒரு படத்தில் மட்டும் வாசலை ஒட்டி லேசான வெளுப்பு ஒன்று இருந்தது. மாப்பிள்ளை அதைக் காட்டி, இது நீ கூட்டினது என்பார். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, இது நான் கிளப்பிய தூசி என்பாள்.

பிறகு அவளுக்கு நடுக்கம் வந்தது. முதலில் வலது கட்டைவிரல், அப்புறம் கை, பிறகு தலையும் லேசாக. மருத்துவர் மாத்திரை கொடுத்தார். நடுக்கம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. தூங்கும்போது மட்டும் தானாக நின்றுவிடும். வேலையை அவள் விடவில்லை. துடைப்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கூட்டினாள். "முன்னெல்லாம் நான் ஆடினேன், இப்ப கை தனியா ஆடுது" என்று சிரித்தாள்.

அந்த வருடமே தெருவுக்கும் கேடு வந்தது. விளிம்புத் தெருச் சுவர்களில் விரிசல் தெரிந்தபோது, அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லுகளை ஒட்டிவைத்தவன் நான். சுவர் நகர்ந்தால் சில்லு உடையும், உடையாதவரை பயமில்லை. மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தபோது ஒன்றுகூட முழுசாக இல்லை. தெருவைக் காலி செய்ய வேண்டும், பிறகு வீடுகளை இடித்துப் பாறையின் பாரத்தைக் குறைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எல்லோருக்கும் கீழே வீடு ஒதுக்கினார்கள். உத்தரவை அவள் வீட்டுக்கும் நான்தான் கொண்டுபோனேன். படித்துவிட்டு அதை மடித்து வைத்தாள். பிறகு கணவரைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏங்க, இத்தனை வருஷம் இந்தத் தெருவைக் கூட்டினது நான். உங்க படத்துல தெரு இருக்கு, கதவு இருக்கு, அந்தக் குடிகாரன்கூட இருக்கான். நான் இல்ல. இடிக்கறதுக்குள்ள வாசல்ல என்னை ஒரு படம் எடுத்துக் குடுத்துடுங்க."

அவர் உடனே உள்ளே போய்ச் சின்னக் கேமராவை எடுத்து வந்தார். கண் இமைப்பதற்குள் எடுத்துவிடலாம், கை ஆடினாலும் தெரியாது. அவள் வேண்டாம் என்றுவிட்டாள். அது கல்யாண வீட்டில் எடுக்கிற படம் மாதிரி இருக்குமாம். அவள் கேட்டது அருங்காட்சியகக் கூடத்துச் சுவரில் இருக்கிற மாதிரிப் படம்: பனிக்கடல், எண்ணிவிடக்கூடிய கற்கள், அந்த அமைதி, அதற்குள் அவள்.

அன்றிலிருந்து அவர்கள் முயன்ற விதத்தைச் சொல்லாமல் விட முடியாது. வாசலில் கைவைத்த மர நாற்காலியைப் போட்டு அவளை உட்கார வைத்தார். நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிடிக்கப் பிடிக்க நடுக்கம் தோளுக்கு ஏறியது. படத்தில் அவள் இருந்த இடத்தில் ஒரு புகை. புகைக்குள்ளே நாற்காலியின் முதுகுச் சட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நாற்காலி நல்லா விழுந்திருக்கு" என்றாள். மறுமுறை மாத்திரை சாப்பிட்டதும் எடுத்தார்கள். அதற்கடுத்து, ஸ்டூடியோவில் துருப்பிடித்துக் கிடந்த, அந்தக்காலத்தில் தலையை ஆடாமல் பிடிக்க வைத்திருந்த இரும்புக் கவ்வியைக் கொண்டுவந்தார். கழுத்துக்குப் பின்னால் அதை வைத்ததும், என்ன குற்றத்துக்கு இந்தத் தண்டனை என்று கேட்டாள். அதிலும் புகைதான். ஒவ்வொரு முறையும் மாப்பிள்ளை இருட்டறையிலிருந்து வெளியே வர நேரம் எடுத்துக்கொண்டார்.

நாள் நெருங்கிவிட்டது. ஒரு சாயங்காலம் அவர் என்னிடம், "மச்சான், கோபுரத்த எடுத்தேன், கடலையே எடுத்தேன். இவள எடுக்க முடியல" என்று மட்டும் சொன்னார். சுவர் நகர்கிறதா என்று பார்க்கத்தான் எனக்குத் தெரியும்.

காலி செய்யும் நாள் காலை மேகம் மூடியிருந்தது. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். சாவிகளை வாங்கிக்கொள்ள நான் போயிருந்தேன். தெரு முழுக்க மூட்டைகளும் பாய்களும் பாத்திரங்களும். தங்கை இரவெல்லாம் கட்டிவைத்த சாமான்கள் வாசலில் அடுக்கியிருந்தன. பூட்டுவதற்கு முன்னால் தெருவைக் கடைசியாக ஒருமுறை கூட்டி முடித்து, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, வண்டி வரட்டும் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மாப்பிள்ளை கொஞ்சம் தள்ளிக் கேமராவை நிறுத்திக்கொண்டிருந்தார். ஆளை விட்டுவிட்டு, தெருவையாவது எடுத்துக்கொள்வோம் என்றுதான் வந்திருந்தார்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர் நெடுநேரம் வெளியே வரவில்லை. உள்ளே கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். பிற்பாடு அவர் சொன்னார்: கடல் மேலே இருந்ததாம், வானம் கீழே இருந்ததாம், இரண்டுக்கும் நடுவில் அவள் தொங்கிக்கொண்டிருந்தாளாம்; கை ஆடவில்லையாம்.

துணியை விலக்கி வெளியே வந்தார். எங்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். அப்போதுதான் நாங்களும் பார்த்தோம். தலை ஒருபக்கமாகச் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, கைகள் மடியில் கிடக்க என் தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள்.

தெரு அப்படியே நின்றது. பீரோவைத் தூக்கி வந்த அண்ணன் தம்பி இருவரும் இறக்கினால் சத்தம் வரும் என்று தூக்கியபடியே நின்றார்கள். சலூன்காரரின் கத்தி, எதிர்வீட்டுக்காரரின் பாதி மழித்த கன்னத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. தையற்காரர், கட்டுவதற்கு இடமில்லாத பழைய கோட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, பொதிமூட்டைபோல் படியில் நின்றார். அவர் மனைவி தலையில் மெத்தை. குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வெளியே வந்த ஒருவர் ஒரு காலைப் படியில் வைத்தபடியே நின்றார். படத்துக்காக யாரும் நிற்கவில்லை. அந்தக் கேமராவில் தாங்கள் விழமாட்டோம் என்பது ஊருக்கே பழக்கமாகி, அசைந்தால்தான் விழுங்கும் என்கிற சங்கதியே மறந்துபோயிருந்தது. அவளை எழுப்பிவிடக் கூடாது, அவ்வளவுதான் எல்லோருடைய நினைப்பும்.

மாப்பிள்ளை லென்ஸின் மூடியைக் கழற்றினார்.

கீழே அலைச்சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மேகம் மெதுவாகக் கோபுரத்தைத் தொட்டுவிட்டுப் போயிற்று. யாருக்கோ தும்மல் வந்து, மூக்கைப் பிடிக்காமலே அடங்கியது. நின்றுகொண்டே நாங்கள் எல்லோரும் அவளுடைய தூக்கத்துக்குள் போய்விட்டது போல் எனக்குத் தோன்றியது. அவள் விழித்தால்தான் நாங்களும் விழிப்போம் என்பது போல. அவர் மூடியைப் போட்ட பிறகும் சிறிது நேரம் யாரும் நகரவில்லை.

அன்று மதியமே படத்தைக் கழுவினார். தங்கையும் நானும் இருட்டறைக்குள் கூடவே இருந்தோம். சிவப்பு விளக்கு. மருந்துத் தட்டில் வெள்ளைத் தாளைப் போட்டார். மருந்து ஓரிடத்தில் நிற்கக் கூடாது, தட்டை விடாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் தங்கையின் வலது கையை எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்தார். தட்டு தானாக ஆடியது. மருந்து தாளின்மேல் சின்னச் சின்ன அலையாய் ஓடியது.

முதலில் கதவுகள் வந்தன. பிறகு கோபுரம். அதன்பின் யாரும் எதிர்பாராதபடி ஒவ்வொருவராக ஊர் வந்தது: பீரோ, மெத்தை, கோட்டு மூட்டைக்குள் தையற்காரர், பாதிக் கன்னம், ஈரத்துண்டு. ஓரத்தில் சாவிக்கொத்தோடு நான். என் சட்டையில் பொத்தான் ஒரு துளை மாறிப் போட்டிருந்தது. எல்லோருக்கும் நடுவில் கடைசியாக அவள் வந்தாள். பின்னால் கடல் பனியாய்க் கிடந்தது.

எதிர்வீட்டுக்காரர் மறுநாளே வந்து, மீதிக் கன்னத்தையும் மழித்துவிட்டேன், திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டுச் சண்டை போட்டார். ஆள்விழுங்கிக்குப் பல் கொட்டிவிட்டது, இனிமேல் விழுங்காது என்று தையற்காரர் அவரைத் தேற்றினார். அதெல்லாம் பிறகு.

அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் மாப்பிள்ளை தாளின் மேலேயே குனிந்திருந்தார். அவளும் தட்டிலிருந்து கையை எடுக்காமல் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வாயப் பொளந்துகிட்டுத் தூங்கறேன். ஊரே முழிச்சிருக்கு" என்றாள் முதலில்.

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நல்லாப் பாரு. எனக்குள்ள நாற்காலி தெரியல."