கடியப்பட்டணத்தில் பார்த்த வண்டி

கருவாட்டு நாற்றமும் பெட்ரோல் நாற்றமும் கலந்தால் எப்படி இருக்கும் என்பது எனக்கு எட்டு ஒன்பது வயதிலேயே தெரிந்துவிட்டது. அதோடு துருவின் வாடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழைய சாவியை வாயில் போட்டுச் சப்பினால் நாக்கில் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்குமே, அது. இந்த மூன்று நாற்றமும் ஒன்றாக அடித்த ஒரு பொருளை, என் அம்மாவின் பேரில் இருந்த வயலை விற்று வாங்கலாமா என்று எங்கள் வீட்டு ஆண்கள் ஒரு கும்பப்பூ அறுவடை முழுவதும் யோசித்தார்கள். யோசித்தார்கள் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன்.

நாங்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்கள். நாகர்கோவிலுக்குக் கிழக்கே, நாலு பக்கமும் வயல் சூழ்ந்த சிறிய ஊர். அப்பாவுக்கு விவசாயம், அம்மா, நான், பிறகு அப்பாவின் தம்பி. இந்தச் சித்தப்பா யுத்த காலத்தில் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பியவர். பட்டாளத்தில் அவர் துப்பாக்கியைத் தொட்டதில்லை, ஸ்டோரில் அரிசியும் பருப்பும் அளந்து போட்டுக்கொண்டிருந்தார் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். அவருக்கு மட்டும் அது மறந்துபோயிருந்தது. ஒரு காக்கி நிக்கரைத் தோய்த்துத் தோய்த்துப் போட்டுக்கொண்டு, "லாரியெல்லாம் நம்ம கைக்குள்ள நின்ன சாமானமாக்கும்" என்று டீக்கடையில் சொல்லுவார். கேட்டவர்கள் அவர் முகத்துக்கு நேரே தலையாட்டிவிட்டு, அவர் முதுகு திரும்பியதும் சிரித்தார்கள். உண்மையாகவே நம்பியது அப்பா ஒருவர்தான். தாயும் தகப்பனும் போன பிறகு தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவர். தான் வளர்த்தது வீணாய்ப் போயிருக்கும் என்று நம்ப எவருக்குத்தான் மனம் வரும்.

வண்டியைப் பற்றிய செய்தியைச் சித்தப்பாதான் கொண்டுவந்தார். மலையில் ரப்பர் எஸ்டேட் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரன் சீமையிலிருந்து இறக்கியதாம். அவன் ஊரைவிட்டுப் போகும்போது கடியப்பட்டணத்து மீன் வியாபாரி ஒருவருக்கு விற்றுவிட்டானாம். அவர் கொஞ்ச காலம் கோட்டாற்றுச் சந்தைக்குக் கருவாடு ஏற்றிவிட்டு இப்போது சும்மா நிறுத்தியிருக்கிறாராம். "முன்பக்கம் காரு, பின்பக்கம் கட்டவண்டி. நேந்திரங்குலை, நெல்லு, வைக்கோலு, எது வேணும்னாலும் அடிக்கலாம். நாகருகோயில்ல நமக்குத்தான் ராஜ்ஜியம்" என்றார். கருவாடு சுமந்த வண்டி சைவ வீட்டு வாசலில் நிற்கலாமா என்று அப்பாவுக்கு ஒரு சின்னச் சங்கடம் இருந்தது. "கழுவினாப் போயிரும் அண்ணே" என்று அதைச் சித்தப்பா ஒரே வார்த்தையில் தீர்த்துவைத்தார்.

வயல் அம்மாவுக்கு அவள் அப்பா எழுதிக் கொடுத்தது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருஷத்துக்கு இரண்டு போகம் விளையும் நன்செய். நாங்கள் வருஷம் முழுதும் உண்ட சோறு அதிலிருந்துதான் வந்தது. கையெழுத்துப் போட வேண்டியவள் அவள். அதனால் ஒரு வாரமாக வீட்டில் அவளுக்கு என்றுமில்லாத மரியாதை. சித்தப்பா அவளிடம் தண்ணீர் கேட்பதற்குக்கூட இரண்டு முறை "மதினி" போட்டார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "நானும் வந்து பாக்கேன்" என்றாள்.

"பொம்பளைக்கு வண்டியப் பத்தி என்ன மதினி தெரியும்?" என்று சித்தப்பா சிரித்தார்.

"வயலப் பத்தித் தெரியும்லா" என்றாள் அம்மா.

ஒரு காலை நாகர்கோவில் போய், அங்கிருந்து பஸ் மாறி மணவாளக்குறிச்சியில் இறங்கி, வெயிலில் நடந்து கடியப்பட்டணம் போய்ச் சேர்ந்தோம். மீன் வியாபாரி எங்களை வாசலிலேயே எதிர்கொண்டு இளநீர் வெட்டித் தந்தார். கழுத்தில் சங்கிலி, முகம் முழுதும் சிரிப்பு. அப்படிச் சிரிக்கிறவர்களிடம் நான் இன்றுவரை கத்தரிக்காய்கூட வாங்கியதில்லை. வண்டியை அவர் "அது" என்று சொல்லவே இல்லை. "அவ சீமைக்காரியாக்கும், அண்ணாச்சி. இப்பிடி ஒருத்திய இனிமே காணமாட்டீங்க" என்றார்.

சீமைக்காரி கோயில் தெருவின் மேல் முனையில் ஒரு புன்னை மர நிழலில் நின்றாள். ஒரு காலத்தில் பச்சையாக இருந்திருக்க வேண்டும். கடல் காற்று தின்றது போக மீதி இருந்ததன்மேல் யாரோ புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பெயின்ட் காயும் முன்பே துரு அதற்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டது. ஒரு கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். முன்விளக்குகளில் ஒன்று இல்லை, அந்தக் குழியில் ஒரு கோழி முட்டையிட்டு வைத்திருந்தது. சீட்டைக் கிழித்துக்கொண்டு தேங்காய் நார் வெளியே வந்திருந்தது. என் வயதில் இருந்த எந்தப் பிள்ளையும் ஒரு பார்வையில் சொல்லியிருக்கும், இது உருப்படாது என்று.

ஆனால் சித்தப்பா பரிசோதித்தார். டயரைக் காலால் உதைத்தார். எஞ்சின் மூடியை விரலால் தட்டி, தேங்காய் வாங்குகிறவரைப் போலக் காதை வைத்துக் கேட்டார். உள்ளே குனிந்து பார்த்து, "ம்ம்" என்று நிமிர்ந்தார். என்ன கண்டார் என்று கேட்டிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்காது. ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் கூடி நின்று ஆளுக்கொரு சாட்சி சொன்னார்கள்: இந்த இரும்பு இப்போது கிடைக்காது, இந்தச் சத்தம் வேறு வண்டிக்கு வராது. சொந்தப் பணம் போடாதவன் வாயில் வராத புகழா? அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வண்டியை அவர் பார்த்ததாகவே எனக்கு நினைவில்லை.

வியாபாரியின் ஆள் முன்னால் கம்பியை விட்டுச் சுற்றினான். பலதடவை சுற்றியும் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவன் உள்ளே ஏறி உட்கார, நாலு பேர் பின்னாலிருந்து லேசாகத் தள்ள, வண்டி கடற்கரையை நோக்கித் தெருவில் உருண்டு, இருமி, புகைவிட்டு, ஓடியே போய்விட்டது. கீழே மணல் தொடங்கும் இடத்தில் அழகாகத் திரும்பி, எஞ்சின் ஓடியபடியே மேட்டைப் பார்த்து நின்றது. சித்தப்பா கைதட்டினார். அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

எல்லோரும் கீழே இறங்கிப் போனோம். வியாபாரி பேச்சை முடிக்கப் பார்த்தார். அம்மா வண்டியைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள்.

"எறங்கினத பாத்தாச்சு. இனி ஏத்திக் காட்டச் சொல்லுங்க" என்றாள் அப்பாவிடம்.

"சூடாயிட்டு அம்மா. கொஞ்சம் ஆறட்டும்" என்றார் வியாபாரி.

"நேந்திரங்குலைய ஏத்திக்கிட்டு ஆறுகது வரைக்கும் நிக்க முடியுமா? நானும் பிள்ளையும் பின்னால ஏறுகோம். ரெண்டு குலை பாரம்கூட இருக்க மாட்டோம்."

வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு சித்தப்பாவுக்குத் தாங்கவில்லை. "நகருல" என்று வியாபாரியின் ஆளை விலக்கிவிட்டு, "நானே ஓட்டுகேன் மதினி. பாத்துக்கிடுங்க" என்று அவரே ஏறி உட்கார்ந்தார். அப்பா பக்கத்தில் ஏறினார். அம்மா என்னைத் தூக்கிப் பின்னால் விட்டுத் தானும் ஏறிப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். கால் வைத்த இடமெல்லாம் தகரம் முனகியது.

ஏறத்தான் செய்தது. குற்றம் சொல்லக்கூடாது, தெருவில் பாதிவரை ஏறியது. சித்தப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எப்பிடி மதினி?" என்று கேட்டுக்கூடவிட்டார். அந்தக் கேள்வியோடு எஞ்சின் நின்றது. ஒரு கணம் எல்லாம் அசையாமல் நின்றது. பிறகு நாங்கள் பின்னால் போகத் தொடங்கினோம். சித்தப்பா எதையோ மிதித்தார், மறுபடியும் மிதித்தார். வண்டி குலுங்கியதில் என் காலடித் தகரம் அப்பளம்போல உடைந்து, வலது கால் முழங்கால்வரை உள்ளே இறங்கிவிட்டது. கீழே தெரு ஓடிக்கொண்டிருந்தது. நான் கத்தினேன். அம்மா என்னை இரண்டு கக்கத்திலும் பிடித்து மேலே தூக்கி, கால் தரையில் பட்டுவிடாமல் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

அப்போது முன்கதவு திறந்தது. சித்தப்பா குதித்தார். குதித்து, ஓரமாக ஒரு வீட்டுச் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டார். நாங்கள் அவரைத் தாண்டிப் போனோம். அம்மாவின் முகத்தை அவரும், அவர் முகத்தை அம்மாவும், அந்தக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டார்கள்.

வாழ்நாளில் மாட்டுவண்டிக்கு மேல் எதையும் ஓட்டியிராத அப்பா, நகர்ந்து போய் ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்தார். பிடித்தார் என்றால் பிடித்துக்கொண்டு தொங்கினார். எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. கடவுள் சித்தம், வண்டி படகுகளுக்கும் பெண்களுக்கும் நடுவே புகுந்து, ஒரு வலையைச் சுருட்டிக்கொண்டு, மணலில் அச்சுவரை புதைந்து நின்றது.

அப்பா ஓடிவந்தார். அம்மா வெறும் கையால் தகரத்தை நெளித்துக்கொண்டிருந்தாள். இருவருமாக என் காலை வெளியே எடுத்தார்கள். கணுக்காலிலிருந்து முழங்கால்வரை தோல் உரிந்து ரத்தம் வழிந்தது. ஒரு மீன்காரப் பெண் கடல் தண்ணீரைக் கையில் அள்ளி வந்து விட்டு, தன் முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். "ஏட்டி, கரையாத மக்கா. எலும்பு போவல்ல" என்று என் அழுகையை நிறுத்தப் பார்த்தாள். கட்டி முடித்துவிட்டு வண்டியைப் பார்த்துக் காறித் துப்பினாள். அன்று அந்த வண்டியைப் பற்றி வந்த ஒரே நேர்மையான அபிப்பிராயம் அது.

சித்தப்பா மெதுவாக இறங்கி வந்தார், நிக்கரில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டே. என் காலைப் பார்த்தார். பிறகு, நான் சாகும்வரை மறக்காத ஒன்றைச் சொன்னார்: "பிரேக்கு மட்டும் பாக்கணும் அண்ணே. அடியில ஒரு தகரம் அடிச்சிரலாம். எஞ்சின் கொள்ளாம், நல்ல எஞ்சினாக்கும்."

"வெலையில கொஞ்சம் பாத்துச் செய்யலாம்" என்றார் வியாபாரி, இன்னும் சிரித்துக்கொண்டு.

அப்பா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. "பின்னால பிள்ள நிக்குன்னு ஒனக்குத் தெரியும்லா?" என்று தம்பியிடம் கேட்டார். சத்தம் போடவில்லை.

"தெரியும் அண்ணே. ஆனா அந்நேரத்துல…"

அப்பா என் பக்கம் குனிந்தார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். "சும்மா தந்தாலும் இந்தச் சவம் வேண்டாம்" என்று அம்மா வியாபாரியிடம் சொன்னது, பாதி வண்டிக்கும் பாதி வேறொருவருக்குமாக என் காதில் விழுந்தது. மணவாளக்குறிச்சிவரை அப்பா என்னை இறக்கவில்லை. சித்தப்பா வெகு தூரம் பின்னால் வந்துகொண்டிருந்தார். பஸ் வந்தபோது அப்பா அவருக்காகக் காத்திருக்கச் சொல்லவில்லை.

வயல் தப்பியது. அம்மா ஜெயித்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். ஆனால் அவள் அதைப் பற்றி ஒரு நாளும் பெருமை பேசவில்லை. சித்தப்பாவுக்கு வழக்கம்போலச் சோறு போட்டாள். சாப்பாட்டில் குறை வைக்கவில்லை, பேச்சு மட்டும் இல்லை. அப்பா அவரைத் "தம்பி" என்று அழைப்பதை விட்டுவிட்டார். கூப்பிட வேண்டி வந்தால் தொண்டையைச் செருமுவார். அடுத்த கன்னிப்பூ நடவுக்கு முன்னால் சித்தப்பா பீர்மேட்டுப் பக்கம் ஏதோ தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். அங்கேயும் லாரிக் கதை சொல்லியிருப்பார். என் கல்யாணத்துக்கு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, முதல் பந்தியிலேயே சாப்பிட்டுப் போனார். அப்பா அதன்பிறகு எதற்காகவும் அப்படி ஆசைப்பட்டதாக எனக்கு நினைவில்லை. வண்டியை யாரோ ஒரு புத்திசாலி வாங்கி, ஓட்டிப் பார்த்துக் களைத்து, கடைசியில் பழைய இரும்புக்கு வெட்டிப் போட்டதாகக் கேள்வி.

போன வருஷம், என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த டீச்சர் ஒருவரின் வீட்டுக் கல்யாணத்துக்குக் கடியப்பட்டணம் போயிருந்தேன். தெரு இப்போது சிமென்ட். அந்த மேடு கார்களுக்கெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கீழே மணல் இருந்த இடத்தைக் கடல் எடுத்துவிட்டது. பாறாங்கற்களைக் கொட்டி அணை கட்டியிருக்கிறார்கள், அலை வந்து அதில் முட்டிக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டு வாலிபன் ஒருவன், பழைய காலத்து வண்டிகளைத் தேடித் தேடி வாங்குவது இப்போது ஒரு பெரிய மோஸ்தர் என்றும், துரு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு விலை என்றும் எனக்கு விளக்கினான். படித்த பையன்.

அந்த வண்டி ஒழிந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வண்டி பார்க்கப் போன அன்று காலை பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தபோது வெயில் அதிகமாக இருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே குடைக்குள், தோளோடு தோள் இடித்துக்கொண்டு, சிரித்துப் பேசியபடி எங்களுக்கு முன்னால் போனார்கள். நானும் அம்மாவும் அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னால் போனோம். அந்த வழியாகத்தான் கல்யாண வீட்டுக் கார் என்னைத் திரும்பக் கொண்டுவந்தது. குடைபிடித்து நடக்கிறவர் யாரும் இல்லை.