நாற்றம் நின்றதும் நான் செய்த பிழை

மோட்டார் சைக்கிள் எஞ்சின் பூட்டிய சிறிய கார் ஒன்றை, பாகங்களாக வாங்கி, மோர்னிங்சைட் பகுதியில் என் வீட்டுக் கராஜில் தனியாகக் கட்டி வருகிறேன். மனைவி காலமாகிவிட்டார். மகள் தொலைவில், கல்கரி நகரத்தில் இருக்கிறாள்.

எஞ்சினை ஓடவிடும்போதெல்லாம் ப்ரீதர் ஹோஸ் என்ற குழாயால் எண்ணெய்ப் புகை வந்து கராஜ் நாறும். போன மாசியில் அந்தக் குழாயை நீட்டி, சுவர்த் துளை வழியாக வெளியே விட்டேன். நாற்றம் நின்றது. காற்றுச் சுத்தமாகிவிட்டது என்று நம்பி, குளிருக்குக் கதவை மூடிக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டேன். சைலன்சர் புகை உள்ளேயே நிறைவதை யோசிக்கவில்லை.

தலை இடிக்கத் தொடங்கியபோது கைத்தொலைபேசி அடித்தது.

“செல்வி அக்காவோ?” என்றது ஒரு பெண் குரல்.

“இல்லைப் பிள்ளை, இது வேறை நம்பர்” என்றேன். ஆனால் வைக்க மனம் வரவில்லை. அன்று என்னோடு பேசிய முதல் ஆள் அவர்தான். இரைச்சலில் கேட்காததால், பேச்சை நீட்ட வெளியே போனேன். வாசலிலேயே கால் மடிந்து பனியில் விழுந்தேன்.

“அண்ணை, என்ன சத்தம்? எங்க இருக்கிறியள்?”

விலாசத்தைக் கேட்டு, ஆம்புலன்சை அனுப்பியவர் அவரே. சைலன்சர் புகையில் இருந்த கார்பன் மொனொக்சைட், மணமே இல்லாத நஞ்சு என்றார்கள் மருத்துவமனையில்.

இப்போது காரை வெளியே தள்ளிய பிறகே எஞ்சினைத் தொடங்குகிறேன். கராஜில் அந்த நஞ்சு சேர்ந்தால் ஒலிக்கும் அலாரமும் பூட்டிவிட்டேன். தொடங்குமுன் மகளுக்குப் போன் எடுத்துச் சொல்கிறேன்.

“நிப்பாட்டினாப் பிறகும் எடுங்கோ அப்பா” என்கிறாள்.

எடுக்கிறேன். காரைப் பற்றிப் பேசி முடிந்த பிறகும் சில நாட்களில் அவள் போனை வைப்பதில்லை.