அண்ணனின் தலைமாட்டில் ஓடிய ரயில்

ராயபுரத்தில் நான் குடியிருந்த அறைக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவான சுவரில் ஓர் ஓட்டை போட்டேன். கேட்டுத்தான் போட்டேன், அதில் குற்றமில்லை. அந்த ஓட்டை வழியாக நான் விட்ட பொம்மை ரயில், இரவெல்லாம் துறைமுகத்தில் வேலை செய்துவிட்டு வந்த ஒருவரின் பகல் தூக்கத்தைக் கெடுத்தது. அதைத்தான் சொல்ல வந்தேன். அவர் வின்ச் ஓட்டுபவர். கப்பலின் அடியறையிலிருந்து மூட்டைகளைக் கட்டோடு தூக்கிக் கரையில் இறக்கும் இயந்திரம் அது. ஓட்டுகிறவர் ஒரு கணம் கண்ணசந்தால் கீழே நிற்கும் ஆட்கள் மேல் சுமை விழும். நன்றாகத் தூங்கிவிட்டு வருவதும் அந்த வேலையில் ஒரு பாகம். இது எனக்குத் தெரியும். அவரே சொல்லியிருக்கிறார்.

அறுபதுகளின் கடைசி வருடங்கள். நான் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர். கல்யாணம் ஆகவில்லை. துறைமுகச் சுவரை ஒட்டிய கடையொன்றில், கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போகும் சாமான்களுக்கு நடுவே அந்த ரயிலைப் பார்த்தேன். தகர எஞ்சின், இரண்டு பெட்டிகள், ஒரு வட்டத் தண்டவாளம், ஒரே ஒரு சாவி. சாவி கொடுத்தால் ஓடும். வளர்ந்த மனிதன் வாங்கக்கூடிய பொருள் அல்ல என்று தெரிந்தே வாங்கி, காகிதத்தில் சுற்றி மறைத்து எடுத்துவந்தேன்.

மறைத்ததில் பயனில்லை. மாலையில் நான் ரயிலை ஓட்டிய சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அண்ணன், அந்த வின்ச் ஓட்டுபவர், வாசலில் வந்து நின்றார்.

"இன்னா வாத்யாரே, வட்டமாவே சுத்திகினு கீது? செக்கா இது?"

மறுநாள் வேலை முடிந்து வரும்போது ஒரு சுருள் இரும்புப் பட்டை கொண்டுவந்தார். சரக்குக் கட்டுகளை இறுக்கிக் கட்டும் பட்டை. கட்டைப் பிரித்ததும் குப்பையில் எறிந்துவிடுவார்கள். அதை நேராக நிமிர்த்தி, மரத்துண்டுகளில் ரம்பத்தால் கீறிய பிளவுகளில் செங்குத்தாகச் செருகினால் தண்டவாளம் ஆயிற்று. அடிப்பலகைக்குப் பழைய பெட்டி மரம். அதையும் அவர்தான் கொண்டுவந்தார். என் ரயிலுக்கு அவர் கொடுத்த பாதையில்தான் நான் அவர் வீட்டுக்குள் போனேன்.

கடற்காற்றில் பட்டை இரண்டே நாளில் துருவேறியது. விஞ்ஞான ஆசிரியனான நான் யோசித்து, தண்டவாளம் முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவினேன். காலையில் எழுந்து பார்த்தால் கோடியிலிருந்து கோடி வரை எறும்பு.

"கூட்ஸ் வண்டி இல்லாமலே சரக்குப் போவுது பாரு," என்றார் அண்ணன்.

அறை சின்னது. எஞ்சின் புறப்பட்டு வேகம் பிடிப்பதற்குள் எதிர்ச்சுவர் வந்துவிடும்.

"அவ்ளோதானா?"

"ரூம் அவ்வளவுதான் அண்ணே. என்ன பண்றது?"

"சொவத்தத் தொறந்து எங்க வூட்டாண்ட வுடு."

விளையாட்டாகத்தான் சொன்னார். நான் மறுநாளே சுவரில் கையால் தட்டிப் பார்த்து அளவெடுத்துக்கொண்டிருந்தேன். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், இடுப்பில் கை வைத்தபடி வந்து பார்த்தார்.

"ரெண்டு பேரும் சேந்து வூட்ட இட்ச்சி ரயிலு வுடப் போறீங்களா? கொயுப்புதான்."

ஆனால் இடம் கொடுத்தது அவர்தான். அவர்கள் வீட்டில் அந்தச் சுவரில் மாதா சுரூபம் வைத்த பலகை இருந்தது. அதற்குச் சற்றுக் கீழே இன்னொரு பலகை அடித்துக்கொள்ளச் சொன்னார். "மாதாவும் பாத்துகினு இருக்கட்டும், பாவம். தெனம் எங்க மூஞ்சியவே பாக்குறாங்க."

வீட்டுக்காரர் வண்ணாரப்பேட்டையில் வியாபாரம் செய்யும் பாய். வாடகை வாங்க வந்தபோது குனிந்து ஓட்டை வழியாகப் பார்த்தார். அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் கண் அவரைப் பார்த்தது. "குடியிருக்க வூடு வுட்டேனா, ரயில்வேக்கு வுட்டேனா?" என்றார். பிறகு, "காலி பண்ணும்போது அடச்சிக் குடுத்துடணும் சார்," என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவு நல்லவர்கள் நடுவில் நான் இருந்திருக்கிறேன். அப்போது அது எனக்கு இயல்பாகத்தான் பட்டது.

சாவி ரயில் என்பதால் அந்தப் பக்கம் ஒருவர் வேண்டியிருந்தது. நான் சாவி கொடுத்து விடுவேன். அது ஓட்டைக்குள் நுழைந்து, மாதாவின் காலடியில் போய் முட்டி நிற்கும். சாவியைப் பெட்டியிலேயே வைத்து அனுப்புவேன். அக்கா கைவேலையை முடித்துவிட்டு, எஞ்சினைத் திருப்பி வைத்து, சாவி கொடுத்து அனுப்புவார். சாயங்காலம் அவர்கள் ஜெபமாலை சொல்லி முடிக்கும் வரை வண்டி கிடையாது. முடிந்ததும் பலகையைத் தட்டுவார். பிறகு ஒரு எலுமிச்சம்பழம் வரும், ஊசி நூல் போகும். கிறிஸ்துமஸ் சமயத்தில் இரண்டு பெட்டி நிறைய குல்குல் பலகாரம் வந்தது. அண்ணன் பகல் ஷிப்டாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து எஞ்சின் போல ஊதுவார். அவருக்குப் பகல் ஷிப்டும் ராத்திரி ஷிப்டும் மாறி மாறி வரும். எந்த வாரம் எது என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

முழுப் பரீட்சை முடிந்து பள்ளி மூடியது. அதுவரை மாலையில் மட்டும் ஓடிய ரயில், நான் நாள் முழுக்க வீட்டில் இருந்ததால் நாள் முழுக்க ஓடத் தொடங்கியது. யாரையும் கேட்கவில்லை. பகலில் அக்காவுக்கு வேலை. வண்டி போய் நின்றால் அரை மணி நேரம் திரும்பாது. "சோறு வடிச்சிக்கினு கீறேன் தம்பி," என்று குரல் மட்டும் வரும். எனக்கு அது பொறுக்கவில்லை. அக்காவுக்குச் சிரமம் கொடுக்காமல் செய்கிறேன் என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, பாதையை நீட்டத் திட்டம் போட்டேன். அவர்கள் அறையின் மற்ற மூன்று சுவர்களையும் சுற்றிப் பலகை அடித்து, அதே ஓட்டைக்குத் திரும்பிவரும் ஒரு வளையம். முழுச் சாவி கொடுத்தால் எஞ்சின் யார் தயவும் இல்லாமல் சுற்றிக்கொண்டு வந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கோயிலுக்குப் போய் வந்ததும் வேலையைத் தொடங்கினோம். பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அண்ணன். மூலையில் அவர் பாய் விரிக்கும் இடத்துக்கு மேலே நான் ஆணி அடித்தபோது சொன்னார்:

"என் தலமாட்டுல ஸ்டேசன் வெக்காத வாத்யாரே. டீ விக்கிறவன் வந்து எய்ப்புவான்."

நான் சிரித்தேன். அவர் சொன்னதில் இருந்த விஷயம் என் காதில் ஏறவில்லை.

அந்த வளையத்தைப் பற்றி எவ்வளவோ முறை யோசித்திருக்கிறேன். வளையம் வருவதற்கு முன்பு, அக்காவுக்கு வேண்டாம் என்றால் சாவி கொடுக்காமல் இருந்துவிடலாம். வண்டி நிற்கும். யாரும் யாரையும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நான் நீட்டிய பாதை அந்த ஒரு வசதியை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. தகரச் சக்கரம் இரும்புப் பட்டையில் ஓட, சுவரில் அறைந்த வெற்றுப் பலகை மத்தளம் மாதிரி அதிரும். என் பக்கம் அது தூரத்து ரயில் போல இனிமையாகக் கேட்டது. பலகைக்கு அடியில் படுத்திருப்பவருக்கு எப்படிக் கேட்கும் என்று ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போய் நின்று பார்க்கவில்லை.

ஒரு நாள் காலை அக்கா ஓட்டை வழியாகக் கேட்டார். "தம்பி, இன்னிக்கி சாயங்காலமா வுட்டுக்கலாமா?"

"இதோ, ஒரே தடவை அக்கா. வளைவு சரியா இருக்கான்னு பாத்துக்கறேன்."

ஒரே தடவையோடு நிறுத்தவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. அந்த நாட்களில் காலையில் அண்ணன் தோளில் துண்டோடு வெளியே போவதைப் பார்ப்பேன். வேலைக்குப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். முகம் மட்டும் வீங்கினாற்போல் இருக்கும்.

தண்டவாளத்தின் இரு பக்கமும் நிஜப் பாதைபோல் சரளை பரப்ப ஆசை வந்தது. பொடிச் சிப்பி கலந்த மணல் எடுக்க, பையோடு கடற்கரைக்குப் போனேன். வெயில் ஏறிவிட்ட நேரம். ஆள் நடமாட்டம் இல்லை. கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் ஓரத்தில், ஒரு முழ அகல நிழலில், ஒருவர் துண்டை முகத்தில் போட்டுப் படுத்திருந்தார். கால் இரண்டும் வெயிலில் கிடந்தன. காலைப் பார்த்தே அடையாளம் தெரிந்துவிட்டது.

நான் பேசாமல் திரும்பியிருக்கலாம். மணலில் என் நிழல் விழுந்ததும் விழித்துக்கொண்டார்.

"இன்னா வாத்யாரே, இங்க இன்னா பண்றே?"

"மணல் எடுக்க வந்தேன். நீங்க வேலைக்குப் போகலையா?"

"நைட்டு சிப்ட்டுபா. பதினஞ்சி நாளா நைட்டுதான்." எழுந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. "இங்க காத்து வரும். இந்த நெழலுதான் பேஜாரு. அது நவுர நவுர நானும் நவுந்துகினே இருக்கணும்."

"வீட்டில தூங்கலாமே?"

கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. அவர் துண்டை உதறி மணலைத் தட்டினார். நான் பையை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏன் அண்ணே என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவே."

"நிறுத்தத்தானே வேணும்?"

"வருசம் பூரா பசங்களாண்ட கத்திக்கினு கீறே. ஒரு மாசம் ஆடிக்கினு போறே. ஸ்கூலு தொறந்தா தானா நிக்கப் போவுது. அதுக்கோசரம் உன் மூஞ்சத் தொங்க வுடணுமா?"

"அக்காவும் சொல்லலயே."

"நாந்தான் வாயத் தொறக்காதன்னேன்."

ராத்திரி வின்ச்சில் தூக்கம் வராதா என்று கேட்டேன்.

"வின்ச்சுல இல்ல இப்ப. கீழ நின்னு, தூக்கு எறக்குன்னு வின்ச்சுக்காரனுக்குக் கை காட்றேன். போன வாரம் ஒரு தபா கண்ணு சொருகிச்சி. ஒண்ணும் ஆவல. ஆனா கீழ புள்ளகுட்டிக்காரனுங்க நிக்கிறானுங்க. நானே மேஸ்திரியாண்ட போயி, என்னிய எறக்கி வுடு நைனான்னேன்."

வின்ச் இருக்கையில் உட்கார அவர் எத்தனை வருடம் கீழே நின்று கை காட்டியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். நான் மேஸ்திரியிடம் வந்து பேசட்டுமா என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"வந்து இன்னான்னு சொல்லுவே? நான்தான் சார் ரயிலு வுட்டேன்னா?"

வீட்டுக்கு வந்து படுக்கும்படி கெஞ்சினேன். ரயிலைக் கழற்றி எறிந்துவிடுவதாகச் சொன்னேன். அதற்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது.

"முய்சா எதுக்குக் கயட்டுறே? ஜெபமால முடிஞ்சி உங்க அக்கா கையால சாவி குடுத்து வுடும் பாரு, அத்த வெச்சிக்கோ. அதுக்கு ஆச. இந்தச் சுத்துற லைனுதான் கலீஜு."

வந்து படுத்தார். நான் சுத்தியலை எடுத்துக்கொண்டு என் அறையில் உட்கார்ந்தேன். வளையத்தைக் கழற்ற அவர் எழுந்திருக்கும் வரை காத்திருக்க வேண்டும். ஆணியைப் பிடுங்கினால் சத்தம் கேட்கும். அப்போதுதான் அந்த ஓட்டை வழியாக அவருடைய குறட்டை வந்தது. மதியம் முழுவதும் வந்தது. சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் அக்கா அந்தப் பக்கம் குனிந்து, என்னைப் பார்த்து, உதட்டில் விரல் வைத்தார். பிறகு சிரித்தார். கோபித்துக்கொண்டிருக்கலாம். அதற்கு அவருக்கு முழு உரிமை இருந்தது. அந்தச் சிரிப்பைப் பெற நான் என்ன செய்திருந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சாயங்காலம் மூன்று சுவர்ப் பலகைகளையும் பிடுங்கினேன். ரயில் பாதையை நான் குறைத்தது அதுதான் முதல் தடவை. ஆணி இருந்த குழிகளைச் சுண்ணாம்பு வைத்து அடைத்தேன். மாதாவின் காலடியில் முடியும் பழைய பாதை மட்டும் மிஞ்சியது. அதன் அடியில் பழைய கம்பளித் துண்டுகளைத் திணித்தேன். சாவியை அக்காவிடம் கொடுத்து, இனி உங்களிடமே இருக்கட்டும் என்றேன்.

"சாவி இல்லாம நீ இன்னா பண்ணுவே?"

"நீங்க குடுக்கும்போது ஓட்டறேன்."

அதன் பிறகு ராத்திரி ஷிப்ட் நாட்களில், அண்ணன் தூங்கி எழுந்ததும் சுவரைத் தட்டுவார். "எந்திரிச்சிட்டேன் வாத்யாரே!" என்று கத்துவார். நான் எஞ்சினைத் துடைத்துத் தயாராக வைத்திருப்பேன். ஜெபமாலை முடியும். ஓட்டை வழியாக வளையல் போட்ட கை ஒன்று சாவியை நீட்டும்.

வின்ச் இருக்கை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அதில் ஓர் இளவயதுக்காரர் உட்கார்ந்துவிட்டார். "கீழதான்பா காத்து," என்று அண்ணன் சொல்வார். நான் நம்பியதில்லை, நான் நம்பவில்லை என்பது அவருக்கும் தெரியும். எழுபதுகளின் நடுவில் மாற்றலாகிப் போகும் வரை அந்த அறையில்தான் இருந்தேன். ஒரு நாள்கூட அவர் அதை என்னிடம் குத்திக்காட்டியதில்லை. ரயிலை அவர்களிடமே விட்டுவிட்டு வந்தேன். ஓட்டையை அடைக்கக் கூடாது என்று அக்கா வீட்டுக்கார பாயிடம் சண்டை போட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

எனக்கு இப்போது பகலில் தூக்கம் வரும் வயது. நான் படுத்தால் மருமகள் வானொலியைக் குறைத்துவிடுவாள். சமையலறையில் பாத்திரத்தைக்கூடப் பார்த்துத்தான் வைப்பாள். யாரும் சொல்லி அவள் இதைச் செய்யவில்லை. நான் அசந்து தூங்குகிறேன். விழித்ததும் சில நாட்களில் கை தானாகப் பக்கத்துச் சுவரைத் தட்டுகிறது, எழுந்துவிட்டேன் என்று சொல்ல.