கூசாத மேல்வரிசை

இந்த ஜெர்மானிய ஊரில் எனக்குச் சிரித்த முகக்காரி என்று பெயர் வந்துவிட்டது. காலையில் மகளைக் கிண்டர்கார்டனுக்கு அழைத்துப் போகும்போது மேலுதட்டைத் தூக்கி, பல்லைக் குளிர்காற்றில் காட்டிக்கொண்டே நடக்கிறேன். கூசுகிறதா என்று பார்க்கத்தான். இரண்டு வருடமாக என்னை நிமிர்ந்து பார்க்காத எதிர்வீட்டு அம்மாள், இப்போது தானும் பல் தெரியச் சிரித்து "கூட்டன் மோர்கன்" என்று காலை வணக்கம் சொல்கிறார்.

என் மேல்தாடை பிறவியிலேயே உள்ளடங்கியது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேராமல் இருந்தன. போன கோடையில் தாடையை அறுத்து, முன்னே நகர்த்தி, தகடு வைத்துத் திருகினார்கள். எதையும் மெல்லாமல் விழுங்கச் சொன்னார்கள். ராகிக் களியை உருட்டி விழுங்கி வளர்ந்தவளுக்கு அதிலொன்றும் கஷ்டமில்லை. கஷ்டம் பிறகுதான் வந்தது: மேல்பற்களுக்கு உணர்வே இல்லை. செத்துவிட்டனவோ?

பல் டாக்டர் குளிர்மருந்து அடித்த பஞ்சை ஒவ்வொரு பல்லிலும் வைத்து, "கால்ட்?" என்றார். குளிர்ந்தால் கையைத் தூக்க வேண்டும். எங்கள் ஊர் மாரண்டஹள்ளியில் ஊசி போட்டவர் வலித்ததா என்றால் "இல்லீங்க", மருந்து கேட்டதா என்றால் "கேட்டுச்சுங்க" என்போம். டாக்டர் மனம் நோகக்கூடாது. எல்லாப் பல்லுக்கும் கையைத் தூக்கினேன். கடைசிப் பல்லுக்கு வைத்த பஞ்சை டாக்டர் காட்டினார். அதில் மருந்தே இல்லை.

"அம்மா, பொய் சொல்லக்கூடாது" என்றாள் கூட வந்திருந்த மகள், தமிழில் ஒருமுறை, ஜெர்மனில் ஒருமுறை.

நரம்பு அறுபட்டதால் உணர்வு போயிருக்கிறது, ரத்தம் ஓடினால் பல் உயிரோடுதான் இருக்கும், நிறமும் மாறவில்லை, மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும் என்றார் டாக்டர். நம்பிக்கை வரவில்லை. அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

"கூசலன்னா செத்துப்போச்சா கண்ணு? பெங்களூர்ல இருக்கற உன் மாமன் ரெண்டு வருசமா போனே பண்ல. செத்தா போய்ட்டான்? அவம்பாட்டுக்குத் தின்னுக்கிட்டு நல்லாத்தான் இருக்கறான்."

டாக்டர் சொன்னதும் அதுதான். அம்மா சொன்னபோதுதான் தூக்கம் வந்தது.

இன்று காலை, மகளை விட்டுவிட்டுத் திரும்பும்போது, பனியில், இடதுபக்க முன்பல் ஒன்று சுரீர் என்றது. வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். கண்ணில் நீர். எதிர்வீட்டு அம்மாள் ஓடிவந்தார்.

"வலிக்கிறதா?"

"வலிக்கிறது" என்றேன், இந்த முறை உண்மையாகவே. "நல்லது" என்றும் சேர்த்தேன். அவருக்குப் புரியவில்லை. கையிலிருந்த ரொட்டிப் பையோடு என்னை வீட்டுவாசல் வரை கொண்டுவந்து விட்டார்.

ஒரு பல் இந்த ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. மற்றவை இன்னும் மாரண்டஹள்ளி வெயிலிலேயே நிற்கின்றன.