குழாய் வரிசையின் முதல் பெண்

வெர்லீன் டேட்டம் அலபாமாவின் அந்தக் கறுப்பினப் பல்கலைக்கழகத்துக்கு வந்தது நர்ஸ் படிப்புக்காக. பள்ளியில் சூசாஃபோன் வாசித்திருந்தாள். உடம்பைச் சுற்றி வளைந்து தலைக்கு மேல் வாய் பிளந்து நிற்கும் பித்தளைக் குழாய் அது. சேர்ந்த வாரமே, மைதானத்தில் அணிவகுத்து நடந்து வாசிக்கும் பேண்டில் பெயர் கொடுத்தாள். எழுபத்து மூன்றாம் வருஷம் அது. அதுவரை அந்த பேண்டில் பெண்கள் முன்வரிசையில் ஆடினார்கள், வாத்தியம் தொட்டதில்லை.

மைதானத்தில் அவளைப் பார்த்து ஒரு சீனியர் கத்தினான். "டேய், குழாய்க்குள்ள ஆள் இருக்கா, இல்ல குழாயே தனியா நடக்குதா?"

"கிட்ட வந்து பாருடா, ஊதிக் காட்டுறேன்," என்றாள்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு மொட்டை அடிப்பது அந்த பேண்டின் பழைய வழக்கம். அவள் முறை வந்தபோது கத்தரிக்கோல் வைத்திருந்தவன் தயங்கினான். "இவளுக்கு வேணாம்டா, விட்டுருவோம்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். விட்டுவிட்டால் நாலு வருஷமும் சலுகை வாங்கியவளாகவே இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தானே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். பத்திரிகைக்காரன் படம் எடுத்தான். அது பத்திரிகையில் வந்ததைப் பார்த்து அம்மா அழுதாள். பிறகு கத்தரித்துச் சுவரில் மாட்டினாள். பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அவள் பெயரைப் பெருமையாகச் சொன்னார்.

அவள் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

ஒத்திகை மதியத்தில் தொடங்கி இருட்டும் வரை நீளும். உடற்கூற்றியல் ஆய்வகமும் அதே நேரம். முதல் பருவத்தில் தேறவில்லை. பேண்டு இயக்குநர் புரூயிட்டிடம் போய் நின்றாள்.

"சார், நான் நின்னுக்கறேன். எனக்குப் படிப்புதான் முக்கியம்."

அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாகப் போயிற்று. "நீ போனா ஒரு ஆள் போன மாதிரி இல்லம்மா. பொம்பளைங்களுக்கு இது ஆகாதுன்னு நாளைக்கே சொல்லுவாங்க. அப்புறம் யாரை நான் உள்ள விட முடியும்? இன்னொருத்தி வர்ற வரைக்கும் இரு."

இருந்தாள். மறு வருஷம் ஓசெல்லா என்ற பெண் டிரம்பெட்டோடு வந்தாள். வெர்லீன் அவளுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தாள், கால் கொப்புளத்துக்கு மருந்து போட்டாள், முட்டியை இடுப்பு வரை தூக்கி நடக்கப் பழக்கினாள். இரண்டே வாரத்தில் ஓசெல்லா சீருடையை மடித்துக் கொடுத்துவிட்டாள்.

"வெயிலு, முட்டி வலி, இவனுங்க கத்தல். எனக்குப் பிடிக்கலக்கா."

"அவ்ளோதானா? போகாதன்னு யாரும் சொல்லலியா?"

"யாரு சொல்லுவா? நான் என்ன பெரிய ஆளா?"

அன்று இரவு வெர்லீன் சாப்பிடவில்லை. அடுத்த பருவம் நர்ஸ் படிப்பை விட்டு இசை ஆசிரியர் படிப்புக்கு மாறினாள். பேண்டுக்கு ஏற்ற நேரம் அதில்தான் இருந்தது.

முப்பது வருஷத்துக்கும் மேல் ஒரு சின்ன ஊரில் பள்ளி பேண்டு நடத்தினாள். ஒவ்வொரு இலையுதிர் காலமும் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்கள் கூடும் கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் ஒலிபெருக்கி அவள் பெயரைச் சொல்லும். அவளும் குழாயைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடப்பாள். கழுத்து நரம்பு கெட்டு, டாக்டர் பாரம் தூக்கக் கூடாது என்ற வருஷம் விழாக் குழுவுக்குப் போன் செய்தாள். "இந்தத் தடவை என்னை விட்டுருங்கப்பா."

"ஐயோ, நீங்க இல்லாமயா? பொண்ணுங்கல்லாம் உங்களைப் பார்க்கத்தான் வர்றாங்க!"

போனாள். வரிசையில் பாதிப் பேர் பெண்கள். பக்கத்தில் நின்ற பெண் ஆசையாகக் கேட்டாள். "மேடம், உங்களுக்கு இது ரொம்பப் பிடிச்சதாலதானே எல்லாத்தையும் தாங்கினீங்க?"

"சத்தம் பிடிச்சுது. மத்ததெல்லாம் இல்ல. உனக்குப் பிடிக்கலேன்னா போயிடும்மா, தப்பில்ல."

அந்தப் பெண் வாய் விட்டுச் சிரித்துப் பின்வரிசைப் பக்கம் திரும்பிச் சொன்னாள். "ஏய், மேடம் எப்படி ஜோக் அடிக்கிறாங்க பாரு!"

முரசு முழங்கியது. அரங்கம் எழுந்து நின்றது. வெர்லீன் முகத்தை அசைக்காமல் முட்டியை இடுப்பு வரை தூக்கினாள்.